ஒப்புக்குச் சப்பாணி ஆட்சேபிக்கிறார்

1

இந்தக் கதை என் அண்ணனின் கோபத்தில் பிறந்தது. இதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் யாராவது வந்து, ‘இந்தக் கரு உங்களுக்கு எப்படித் தோன்றியது?’ என்று கேட்பார்கள், நானும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, வீட்டில் எல்லாரும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டிருந்தோம். அண்ணன் ஃபிலிபோ பாயில் சாய்ந்தபடி பத்திரிகையில் வந்திருந்த என் கதையைப் படித்தார். படித்து முடித்ததும் அந்தப் பத்திரிகையை மடித்து, அதாலேயே ஈ ஓட்டினார்.

“தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். உன் கதையில நம்ம ஆளுங்க எப்பவாச்சும் ஜெயிப்பாங்களா?”

“ஏன் அண்ணே, என்ன ஆச்சு?”

“போன கதையில படகு முங்கிப்போச்சு. அதுக்கு முந்தின கதையில ஒரு ஆளு கடலைப் பாத்துக்கிட்டே செத்துப்போறான். அதுக்கும் முந்தி மீன் ஃபேக்டரியை இழுத்து மூடிட்டாங்க. படிச்சா, துக்க வீட்டுக்குப் போயிட்டு சாப்பாடுகூடப் போடாம அனுப்பிவிட்ட மாதிரி இருக்கு.”

“அதுக்குப் பேர் இலக்கியம்.”

“அதுக்குப் பேர் வயித்தெரிச்சல். மரேட்டா அக்கா வாஷிங்டன்ல ஜெயிச்சாங்கள்ல? நீ கூடவே இருந்தேல்ல? அதை எழுத ஏன் உனக்குக் கை வரல?”

(எங்கள் தீவுகளில் அண்ணன் தங்கையிடம் கடுமையாகப் பேசக் கூடாது. அது பெரிய குற்றம். அதனால் எங்கள் அண்ணன்மார்கள் திட்டுவதை எல்லாம் கேள்வியாகவே கேட்பார்கள். பதில் சொல்வதற்குள் நமக்கு மூச்சு முட்டிவிடும்.)

கை வரவில்லை என்பது உண்மைதான். தோற்றவர்களைப் பற்றி எழுதுவது சுலபம். இரண்டு அலை, ஒரு சூரிய அஸ்தமனம், முடிந்தது. ஜெயித்தவர்களை எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று எனக்கு ஒரு பயம். நீங்கள் எப்படி என்று பார்ப்போம்.

2

முதல் தொடக்கம்:

*அந்த மாபெரும் மண்டபத்தில் அவள் ஒரு நிழலைப் போல—*

நிழலாவது மண்ணாங்கட்டியாவது. மரேட்டா அக்கா கதவு நிறைய நிற்கிற ஆள். தும்மினால் பக்கத்து அறையில் ‘கர்த்தர் காப்பாற்றட்டும்’ என்பார்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

*வரலாறு மறந்துபோன பசிபிக் தீவொன்றின் மக்கள், பேரரசின் விளிம்பில் நின்றபடி—*

இது கதை இல்லை, மாநாட்டுக் கட்டுரை. அதுவும் அண்ணன் ஈ ஓட்டுகிற வகை. இதையும் அடித்தாயிற்று.

மூன்றாவதாக, நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் அமெரிக்க சமோவா, அமெரிக்காவின் கீழ் இருக்கிற பசிபிக் தீவுகள், ஆனால் மாநிலம் இல்லை; இருந்தாலும் வாஷிங்டன் சபையில் எங்களுக்கு ஒரு நாற்காலி உண்டு. தேர்தல் வைத்து ஒருவரை அனுப்புகிறோம். அவர் அங்கே உட்காரலாம், பேசலாம், மசோதா கொண்டுவரலாம், குழுக்களில் கையும் தூக்கலாம். பெரிய மண்டபத்தில் ஒரு மசோதா மேல் கடைசி ஓட்டெடுப்பு என்று வரும்போது மட்டும் கிடையாது. மற்றவர்களின் பெயர்கள் சுவரில் வெளிச்சமாய் எரியும். எங்கள் ஆள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். சின்னப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும்போது, அழுகிற தம்பியையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள் அல்லவா? அவன் பிடித்தாலும் கணக்கில்லை, பிடிபட்டாலும் கணக்கில்லை. ஒப்புக்குச் சப்பாணி. அந்த நாற்காலிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குக் கிடைக்கவில்லை.

இதைப் படித்து நீங்கள் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அண்ணனிடம் ஒருமுறை, “உங்க பிரதிநிதிக்கு அங்க ஓட்டு இல்லையாமே” என்று ஒரு வெள்ளைக்காரப் பையன் வந்து வருத்தப்பட்டான். அண்ணன் சிரித்தார். “கை தூக்குறது பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வேலை தம்பி. வெளிய போகணும்னா தூக்குவாங்க. பெரிய மனுஷங்க பேசுவாங்க.”

ஏனென்றால் எங்கள் ஊர்ச் சபையில் ஓட்டெடுப்பு என்பதே கிடையாது. தலைவர்கள் இரண்டு வகை. ஒருவர் உட்கார்ந்திருப்பவர். இன்னொருவர் அவருக்காக எழுந்து பேசுபவர். இந்தப் பக்கம் பேச, அந்தப் பக்கம் பேச, எல்லார் மனதும் ஓரிடத்துக்கு வந்து சேரும்வரை பேச்சு ஓடும். ஒருத்தர் முகம் கோணியிருந்தாலும் காரியம் நகராது. கூட்டம் முடியும் முன்னால் எழுந்து போகிறவனை மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். மரேட்டா அக்கா அப்படிப் பேசும் தலைவர்களில் ஒருவர்; வாஷிங்டன் நாற்காலிக்கு நாங்கள் அனுப்பிய ஆளும் அவர்தான். அவருடைய பட்டப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் தீவு தெரிந்துவிடும், தீவு தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும், அப்புறம் நான் ஊருக்குள் தலை காட்ட முடியாது.

நான் லூப்பே. வாஷிங்டனில் அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கடிதத்துக்குப் பதில் எழுதுவது, கோக்கோ கலக்குவது, அவர் மறந்து வைத்த கண்ணாடியைத் தேடுவது.

3

இப்போது, இதில் யாருக்கு என்ன போகிறது என்று சொல்ல வேண்டும். கதை எழுதும் நண்பர் ஒருவர், “அதை மெதுவாக, போகிற போக்கில் தெரியவிடு” என்றார். தெரியவிட எனக்குப் பொறுமை இல்லை.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. இரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரம் இருப்பது பெரிய தீவான துத்துயிலாவில். நாங்கள் கடல் தாண்டி, மனுவா என்கிற தீவுக்கூட்டத்தில் ஒரு தீவு. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி இயந்திரம். ஆகவே வாரம் முழுக்க அண்ணன் அந்தப் பெரிய தீவில், பாங்கோ பாங்கோ ஊரில், சித்தப்பா வீட்டுக் கூடத்தில் படுத்துக் கிடக்கிறார். வெள்ளிக்கிழமை ஊசியைக் கழற்றியதும் நேரே விமானத்துக்கு. ஆளையும் மூட்டையையும் சேர்த்துத் தராசில் ஏற்றி, ‘நீ இந்தப் பக்கம் உட்கார், நீ அந்தப் பக்கம்’ என்று விமானி சொல்லுகிற குட்டி விமானம். சனிக்கிழமை ஊர்ச் சபையில் அண்ணன் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப் பாலில் வெந்த சேம்பிலை ஒரு வாய், ஒரே ஒரு வாய். திங்கள் காலை திரும்ப ஊசிக்கு.

“இந்த ரெண்டு நாளுக்காகத்தான் அந்த மூணு நாளும் ஊசியைக் குத்த விடுறேன்” என்பார்.

எங்கள் ஓடுபாதைக்குப் பராமரிப்புப் பணம் வாஷிங்டனிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆள் அதிகம் போகாத சின்னச் சின்ன ஓடுபாதைகளுக்கு அந்தப் பணத்தை நிறுத்த ஒரு மசோதா வந்தது. நாடு முழுக்க இருக்கிற ஓடுபாதைகளின் பெயர்கள், கடைசி வரியில் எங்களுடையது. பணம் நின்றால் பாதையில் புல் முளைக்கும், விமானம் இறங்காது. படகு இருக்கிறது. ஆனால் அந்தக் கடலில் வாரம் இரண்டு தடவை குலுங்குவதை அவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

(அப்படி ஒரு மசோதாவைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். கிடைக்காது. இது கதை. அண்ணனின் ஊசி மட்டும் நிஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அந்த வரி நிறைவேறினால் என் அண்ணன் சாகும்வரை தன் வீட்டுக்கு வர முடியாது. கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஜோடனை.

4

*மரேட்டா எழுந்து நின்று, குழுவே அதிரும்படி கர்ஜித்—*

இல்லை. நடந்தது கேவலம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மசோதா முதலில் ஒரு குழுவுக்கு வந்தது. குழுத் தலைவர் ஹால்ஸ்டெட், ஏதோ குளிர் மாநிலத்துக்காரர். பேச ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். மேசையில் பச்சை விளக்கு எரியும், பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு. சிவப்பு வந்தால் வாயை மூட வேண்டும்.

“அக்கா, அஞ்சே நிமிஷம்” என்று வாசலிலேயே சொன்னேன்.

“தெரியும் லூப்பே. அஞ்சு நிமிஷம் தாராளம்.”

எழுந்தார். எங்கள் வழக்கத்தில் பேச்சு என்றால் முதலில் மரியாதை. சபையில் இருக்கிற ஒவ்வொருவரின் ஊரையும் வம்சத்தையும் வரிசை தவறாமல் சொல்லி வணங்கிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். ஒருத்தரை விட்டாலும் சண்டை. அக்கா கடவுளை வணங்கினார், சபையை வணங்கினார். பிறகு உறுப்பினர்களை அவர்களுடைய மாநிலம் நாட்டோடு சேர்ந்த காலத்தின் வரிசைப்படி வணங்கத் தொடங்கினார். “மக்காச்சோளம் தலையசைக்கும் சமவெளியின் பிள்ளையே” என்றார். “உறைந்த ஏரிகளின் காவலரே” என்றார். குரல் அப்படியே தேன். செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்துவிட்டார்கள்.

மஞ்சள் எரிந்தது. நான் பின்னாலிருந்து இருமினேன். அக்கா மலைகள் உள்ள மாநிலத்துக்கு வந்திருந்தார். மலை என்றால் சும்மா விடுவாரா?

சிவப்பு.

“உறுப்பினரின் நேரம் முடிந்தது” என்றார் ஹால்ஸ்டெட். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இத்தனை வருஷமா இந்தக் குழுவுல இருக்கேன். என்னை யாரும் இப்படி வாழ்த்தினதில்ல. ரொம்ப நன்றி.” பிறகு மசோதாவை அப்படியே அனுப்பிவிட்டார்கள், எங்கள் வரியோடு.

தாழ்வாரத்தில் எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “அக்கா! விமானம்! விமானத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே!”

“வந்துக்கிட்டே இருந்தேன்டி. மரியாதை சொல்லாம எப்படி விஷயத்துக்குப் போறது? வேலியை முட்டிக்கிட்டு வர்ற பன்னி மாதிரியா?”

அண்ணனுக்குப் போன் செய்தேன். ஊரே ஒளிபரப்பைப் பார்த்திருக்கிறது.

“எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம் தங்கச்சி.”

“சந்தோஷமா?”

“எவ்வளவு அழகா மரியாதை சொன்னாங்க! ஒரே ஒரு குறை. ஓரத்துல ஒல்லியா ஒருத்தர் உக்காந்திருந்தாரே, அவரோட மாநிலம் விட்டுப்போச்சு. அவர் ஊர்க்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“அண்ணே, உங்க விமானம் போச்சு.”

“ஆமா” என்றார். பிறகு, “ஆமால்ல” என்றார், இப்போதுதான் கேட்டவர் மாதிரி. நான் போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். உங்களில் கெட்டிக்காரர்களுக்கும் வந்திருக்கும். மரேட்டா வேண்டுமென்றே இதைச் செய்தாரோ? தன்னை வெறும் வாழ்த்துப் பாடுகிற ஆள் என்று அவர்கள் நினைக்கட்டும் என்று விட்டுவைத்தாரோ?

அவரிடமே கேட்டேன்.

“தெரிஞ்சே செஞ்சேன்னு எழுதிக்கோயேன். நல்லா இருக்கும்ல?”

“உண்மை என்னக்கா?”

“உண்மையில அந்த மலை வந்ததும் நேரம் போனதே தெரியல.”

இரண்டு மரேட்டாவையும் எழுதிப் பார்த்தேன். தந்திரக்கார மரேட்டா, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் புருவத்தை உயர்த்தினார். பக்கத்துக்குப் பக்கம் எனக்கு அலுத்துப்போனது. மற்ற மரேட்டா அலுவலகத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு பாக்கெட் பிஸ்கட்டை ஒற்றை ஆளாய்த் தின்று தீர்த்து, “ஃபிலிபோ முகத்துல நான் எப்படிடி முழிப்பேன்?” என்று கேட்டார். இவரைத்தான் எனக்குத் தெரியும். இவரையே வைத்துக்கொள்கிறேன்.

ஹால்ஸ்டெட்டை வில்லன் ஆக்கவும் பார்த்தேன். மீசை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் தீவு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர், அவ்வளவே. கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

6

சபை நீண்ட விடுமுறைக்குக் கலைகிற வெள்ளிக்கிழமை. உறுப்பினர்கள் பெட்டியோடு தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஏதோ ஒரு ஊருக்கு விமானம்.

இப்படிப்பட்ட நாளில் மிச்சம் மீதி மசோதாக்களை ஓட்டெடுப்பு இல்லாமலே தள்ளிவிடுவார்கள். ‘எல்லாரும் சம்மதித்து நிறைவேற்றக் கோருகிறேன்’ என்பார் ஒருவர். தலைமையில் இருப்பவர் ‘ஆட்சேபணை உண்டா?’ என்பார். யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். சுத்தியல் விழும். சட்டம் அடுத்த படிக்குப் போய்விடும். எங்கள் ஓடுபாதை மசோதாவும் அப்படித்தான் வரப்போகிறது என்று ஹால்ஸ்டெட்டின் ஆள் ஒருவன் எனக்குச் சொன்னான்.

“எல்லாப் பக்கமும் கேட்டாச்சு. யாருக்கும் பிரச்சினை இல்ல” என்றான்.

“எங்களைக் கேக்கலையே?”

“உங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே” என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகவே அவனுக்குத் தோன்றவில்லை. எங்களை அவ்வளவு கிள்ளுக்கீரையாக நினைத்திருந்தார்கள்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார்.

“எல்லாருக்கும் சம்மதமான்னு சபையில கேப்பாங்களா?”

“கேப்பாங்கக்கா. சும்மா சடங்குக்கு.”

“நான் அங்க உக்காந்திருந்து, சம்மதமில்லன்னு சொல்லலாமா?”

எனக்குத் தெரியவில்லை. சபை விதிகளைப் பார்க்கிற அதிகாரியிடம் மூச்சிரைக்க ஓடினேன். அவர் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை. “பிரதிநிதிக்கு ஓட்டுத்தான் கிடையாது. ஆட்சேபிக்கத் தாராளமாக உரிமை உண்டு” என்றார். அதை வந்து சொன்னதும் மரேட்டா அக்கா ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், மேசை மேல் இருந்த பேனாக்கள் உருண்டன.

“அடியே, அப்ப அது நம்ம ஊர்ச் சபைதானேடி!”

சிரிப்பு நின்றதும் முகம் மாறிவிட்டது. “ஆனா லூப்பே, நேருக்கு நேரா ‘மாட்டேன்’னு நான் எந்தச் சபையிலயும் சொன்னதில்ல. ‘இன்னும் கொஞ்சம் பேசலாமே’ன்னுதான் நமக்கு வாயில வரும்.”

“ஒரே வார்த்தை அக்கா. அந்தக் கேள்விக்கும் சுத்தியலுக்கும் நடுவுல கொட்டாவி விடக்கூட நேரமிருக்காது. எங்க, சொல்லிப் பாருங்க.”

அக்கா நிமிர்ந்து, தொண்டையைச் செருமினார். “மாண்பும் மகிமையும் பொருந்திய சபைத் தலைவரே, தங்கள் பாதம் இளைப்பாறும்—”

“அக்கா!”

“சரி, சரி. இரு.”

7

உதவியாளர்கள் மேலே பார்வையாளர் மாடத்தில்தான் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தேன். மண்டபம் காலி. அங்கொருவர், இங்கொருவர். தலைமை இருக்கையில் ஒரு இளம் உறுப்பினர், கண் முழுக்கக் கடிகாரத்தில். நடுவில் மரேட்டா அக்கா, பூப்போட்ட நீளக் கவுனும் காதில் செம்பருத்தியுமாய், கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு மசோதா போனது. இன்னொன்று போனது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அவர் போகவில்லை. அவரை யாரும் கவனிக்கவும் இல்லை.

ஹால்ஸ்டெட் எழுந்தார். ஓடுபாதை மசோதா. எல்லாரும் சம்மதித்து நிறைவேற்றக் கோருகிறேன்.

“ஆட்சேபணை உண்டா?”

சுத்தியல் மேலே போய்விட்டது.

(இங்கே நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கடல், முன்னோர்கள், ஃபிலிபோவின் கையில் வீங்கிய நரம்பு, எல்லாம் அந்த ஒரு கணத்தில் அவர் கண்முன் வந்துபோவதாக. அக்கா படித்துவிட்டு, “அதெல்லாம் ஒண்ணும் வரல. வாயில மரியாதைதான் வரிசை கட்டி நின்னுச்சு. முழுங்கிட்டேன். மீன் முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இறங்குச்சு” என்றார். ஆகவே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

எழுந்தார்.

“ஆட்சேபிக்கிறேன்.”

அவ்வளவுதான். சுத்தியல் அந்தரத்தில் நின்றது. தலைமையில் இருந்தவர் திரும்பி, பக்கத்திலிருந்த அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தலையாட்டினார். ‘ஆட்சேபணை கேட்கப்பட்டது’ என்று தலைமையில் இருந்தவர் சொன்னபோது குரல் கீச்சென்று வந்தது. மசோதா நின்றுவிட்டது. ஐம்பது மாநிலத்துக்காரர்கள் கூடித் தள்ளிய வண்டி, எங்கள் ஊர் அக்கா ஒருத்தர் சொன்ன ஒரே வார்த்தையில் நின்றுவிட்டது! மாடத்தில் சத்தம் போடக் கூடாது. நான் என் முழங்காலைக் கடித்துக்கொண்டேன்.

ஹால்ஸ்டெட் அவரிடம் நடந்து வந்தார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அக்கா சொன்னபடி எழுதுகிறேன். ஹால்ஸ்டெட்டைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

“மேடம், என்ன இது? பாதிப் பேர் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியாச்சு. எனக்கே இன்னும் கொஞ்ச நேரத்துல விமானம்.”

“உங்க ஊருக்கு விமானம் போகுது. கேக்க சந்தோஷமா இருக்கு. எங்க ஊருக்கும் போகட்டும். கடைசி வரியை எடுங்க.”

“குழுவுலயே சொல்லியிருக்கலாமே?”

“வந்துக்கிட்டுதான் இருந்தேன். நீங்க விளக்கைப் போட்டுட்டீங்க.”

“உங்களுக்கு ஓட்டே கிடையாது, மேடம்.”

“ஓட்டெடுப்பு வெச்சா கிடையாது. நீங்க ஓட்டெடுப்பா வெக்கிறீங்க?”

ஓட்டெடுப்பு வைக்க ஆளைத் திரும்பக் கூட்ட வேண்டும். விமானத்தில் ஏறினவர்களை இறக்க வேண்டும். இல்லையென்றால் மசோதா விடுமுறை முடிந்து, புதிதாகக் கியூவில் நிற்க வேண்டும். ஹால்ஸ்டெட் கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு, “அங்க யாராவது உடம்புக்கு முடியாதவங்க இருக்காங்களா?” என்று கேட்டாராம். கெட்டவர் இல்லை என்று சொன்னேன் அல்லவா.

“இருக்காங்க. பேர் ஃபிலிபோ. இப்ப ஊசியோட உக்காந்து நம்மளைத்தான் பாத்துக்கிட்டிருக்கார்.”

ஹால்ஸ்டெட் மேலே இருந்த கேமராவை ஒரு முறை நிமிர்ந்து பார்த்ததை நானே பார்த்தேன். தன் இடத்துக்குப் போனார். கடைசி வரியை நீக்கி, எல்லாரும் சம்மதித்து நிறைவேற்றக் கோருகிறேன் என்றார்.

“ஆட்சேபணை உண்டா?” இந்த முறை தலைமையில் இருந்தவர் நேரே மரேட்டா அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். பார்த்துவிட்டுக் காத்திருந்தார். அந்தச் சபையில் எங்கள் தீவின் முகம் பார்த்துக் காத்திருந்தார்கள். அக்கா அவசரப்படவில்லை. பூவைச் சரி செய்துகொண்டார். பிறகுதான் உட்கார்ந்தார்.

சுத்தியல் விழுந்தது.

அதோடு விட்டாரா? பேச அனுமதி கேட்டார். மறுக்க யாருக்குத் துணிச்சல் இருக்கிறது? காலி நாற்காலிகளைப் பார்த்து, விழுங்கின மரியாதை அத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அந்த ஒல்லிக்காரரின் மாநிலத்துக்கு இரண்டு மடங்கு. ஹால்ஸ்டெட் தன் மாநிலம் வரும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போனார். விமானம் கிடைத்ததா என்று தெரியவில்லை.

8

அங்கே காலை. பாங்கோ பாங்கோவில் இயந்திர அறையில் தொலைக்காட்சி. அண்ணன் சொன்னது:

“நான் போட்ட சத்தத்துல ஊசி கழண்டுபோச்சோன்னு நர்ஸ் ஓடி வந்துச்சு. பக்கத்து நாற்காலிக்காரர் பாட ஆரம்பிச்சுட்டார். எந்திரிச்சு ஆடத்தான் முடியல. கால் மட்டும் ஆடிச்சு. நாலு நாற்காலியிலயும் கால் ஆடிச்சு தங்கச்சி!”

அன்று மாலை விமானத்தில் ஏறினார். தராசில் நின்றபோது, “ஒரு மசோதா கனம் கூடியிருக்கும், பாத்து எழுதுங்க” என்று சொன்னாராம். ஊரில் பன்றி சுட்டுவைத்திருந்தார்கள்.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் பழைய புத்தி என்னை விடவில்லை. இப்படி எழுதினேன்:

*மூன்று வருடங்களுக்குப் பிறகு, வேறொரு வெள்ளிக்கிழமை, ஃபிலிபோ அதே விமானத்தில் வந்தார். இந்த முறை தராசில் நிற்கவில்லை. படுத்தபடியே—*

நல்ல வாக்கியம். பரிசு வாங்குகிற வாக்கியம். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஆட்சேபிக்கிறேன்” என்றார்.

“அண்ணே, இது என் கதை. இதுல உங்களுக்கு ஓட்டு கிடையாது.”

“ஓட்டு யாருக்கு வேணும்? என்னைப் பத்தித்தானே எழுதுற? என்னைக் கேட்டியா?”

கேட்கவில்லை. சொந்த அண்ணனைப் படுக்க வைத்து விமானத்தில் ஏற்றினேனே ஒழிய, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டேன்.

எடுத்த இடத்தில் என்ன வைப்பது? அடுத்த வருடம் அந்த மசோதா வேறு பெயரில் திரும்பி வரலாம். மரேட்டா அக்கா தேர்தலில் தோற்கலாம். அண்ணனின் உடம்பு யார் பேச்சையும் கேட்காத உடம்பு. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். வெளியே நடப்பதை நிறுத்த என்னிடம் சுத்தியல் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்துக்குள் நான் இப்படி முடிக்கக் கோருகிறேன்: வெள்ளிக்கிழமை மாலை. குட்டி விமானம் எங்கள் பாதையில் குதித்துக் குதித்து ஓடி நிற்கிறது. கதவு திறக்கிறது. கையில் கட்டோடு அண்ணன் படியில் கால் வைக்கிறார், யாரோ கிண்டல் செய்கிறார்கள், அவர் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறார். அதோடு நிறுத்திவிடுகிறேன். எந்த வாசகர் எப்போது திறந்தாலும் அவர் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கதையில் உங்களுக்கும் ஓட்டு கிடையாது. இருந்தாலும் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை மூடுவேன்.

ஆட்சேபணை உண்டா?